கருந்துளையின் பரப்பில் எழுதிய கணக்கு

கருந்துளைக்குள் விழும் பொருளோடு அதைப் பற்றிய தகவலும் அழிந்துவிடுமா என்பது இயற்பியலில் அரை நூற்றாண்டாகத் தீராத வழக்கு. குவாண்டம் விதிப்படி தகவல் அழியக்கூடாது. ஆனால் கருந்துளை வெப்பத்தை உமிழ்ந்து மெல்லக் கரையும் என்று 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டினார். உள்ளே விழுந்தது கல்லா, கடிதமா என்ற அடையாளம் வெறும் வெப்பத்தில் இருக்காதே!

அதற்குச் சற்று முன் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் இன்னொரு விசித்திரத்தைக் கண்டிருந்தார். கருந்துளையின் என்ட்ரோபி, அதாவது அதில் மறைந்திருக்கும் தகவலின் அளவு, கொள்ளளவைப் பொறுத்ததல்ல. எல்லைப் பரப்பைப் பொறுத்தது. ஆரம் இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்காகும். என்ட்ரோபி 4 மடங்குதான்.

பிந்தைய ஊகங்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை. ஒரு வெளியில் நடப்பதெல்லாம் அதன் எல்லையிலேயே பதிவாகியிருக்கலாம் என்றார் 1993-இல் ஜெரார்ட் டி ஹூஃப்ட். ஏ.டி.எம். அட்டையில் மினுங்கும் தட்டையான படத்தைச் சாய்த்தால் ஆழம் தெரிவதுபோல, முப்பரிமாண உலகமும் ஒரு தோற்றமாக இருக்கலாம். 1997-இல் ஹுவான் மால்டசேனா இதற்குக் கணித உதாரணம் தந்தார். அதிலுள்ள பிரபஞ்சம் நம்முடையதைப் போன்றதல்ல என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். இவற்றிலிருந்து வேறான ஊகமும் உண்டு: பிரபஞ்சமே ஒரு கருந்துளையின் உட்புறம் என்ற கருத்தை ராஜ்குமார் பாத்ரியா 1972-லேயே முன்வைத்தார். பிரபஞ்சத்தின் அளவும் அதே நிறையுள்ள கருந்துளையின் அளவும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. அந்தப் பொருத்தம் மட்டுமே சான்றாகாது.

சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. வெளி நுண்ணிய துணுக்குகளால் ஆனது என்ற கொள்கையை வைத்து ரொமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும் என்ட்ரோபியைக் கணக்கிட்டு, 2000-இல் பெக்கன்ஸ்டைன் சூத்திரத்துக்கு ஒரு சிறு மடக்கைத் திருத்தம் கண்டார்கள். அதன் கெழு கழித்தல் 3/2.

சோதிப்பதுதான் கடினம். சூரிய நிறையுள்ள கருந்துளையின் ஹாக்கிங் வெப்பநிலை, கெல்வினில் ஒரு கோடியில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. விண்வெளியின் பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015-இல் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும், 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட்டும் ஏவப்பட்டன. கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவின் எக்ஸ் கதிர்களை இவை ஆராய்கின்றன. எல்லைப் பரப்பின் குவாண்டம் கணக்கு இவற்றுக்கு எட்டாது.

பரப்பைப் பற்றிய ஒரு விதிக்கு மட்டும் வானிலிருந்து ஆதரவு கிடைத்திருக்கிறது. கருந்துளைகள் இணையும்போது மொத்தப் பரப்பு குறையாது என்பது 1971-இல் ஹாக்கிங் நிறுவியது. 2015-இல் பதிவான ஈர்ப்பலையை அலசியவர்கள், 2021-இல் அதை 95 விழுக்காடு உறுதியோடு ஏற்றார்கள். ஆனால் அது குவாண்டம் கலக்காத, ஐன்ஸ்டைன் கோட்பாட்டிலிருந்தே பிறக்கும் விதி.