சிறுவர் அறிய வேண்டிய இப்னு பதூதா

நம் சிறுவர்களுக்கு இப்னு பதூதா பெரும்பாலும் வினாடி வினாவுக்குரிய ஒரு விடையாகவே அறிமுகமாகின்றார். முப்பதாண்டுப் பயணம், ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் என்று எண்களை அடுக்கிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். இவ்வெண்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் தங்குவதில்லை. தங்கக்கூடியது வேறொன்று.

1325இல் ஹஜ்ஜை நாடித் தான்ஜியரைவிட்டுத் தன்னந்தனியே புறப்பட்ட அவ்விளைஞர், வழியில் கடுங்காய்ச்சலுற்றார். விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு சென்றார். தூனிஸ் நகரை அடைந்தபோது உடன்வந்தோரை வரவேற்க ஊரார் திரண்டனர். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லை. அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஆறுதலாகப் பேசினார். புதிய பள்ளிக்கூடத்தில் முதல் நாளைக் கழித்த எந்தக் குழந்தைக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கதையை இங்கிருந்து தொடங்குவதே நன்று.

அவர் பிறந்தது ஹிஜ்ரி 703 ரஜபு 17. புறப்பட்டது 725 ரஜபு 2. தமக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்கிறார். கி.பி. கணக்கிலோ 1304இலிருந்து 1325 வரை இருபத்தொன்றுதான். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது எனக் கேட்டால் பிறைக்கணக்கும் சூரியக்கணக்கும் ஒரே அமர்வில் விளங்கிவிடும்.

சுவரில் உலகப்படத்தை மாட்டி, பயணவழியே நூல் கட்டச் சொல்லலாம். நூல் நம் கரைகளுக்கு வரும்போது சற்றுத் தாமதிப்போம். டில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கிடம் காழியாக இருந்தவர், சீனத்துக்குத் தூதராகப் புறப்பட்டு, கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் பதின்மூன்று சீனக் கப்பல்களைக் கண்டார். புயல் அத்தூதுப் பயணத்தைச் சிதைத்தது. மாலத்தீவில் மீண்டும் காழியானார். 1344இல் இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாரசீகம் அறிந்திருந்த அம்மன்னர், முஸ்லிம் பயணி பாவாதமலைக்கு ஏறப் பல்லக்கும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும் அளித்தார். மலையேறுவோர் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளுள் ஒன்றுக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அங்கிருந்து கீழே பார்ப்பவர் அச்சத்தால் கலிமா மொழிவார்களாம்! பிள்ளைகள் இதை மறப்பதில்லை.

அடுத்து மதுரை. அங்கு ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்கு மணவழி உறவினர். ஆயினும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அச்சுல்தானின் கொடுமையை அவர் மறைக்காது கண்டித்து எழுதினார். வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து இதை ஒளிக்கலாகாது என்பது நம் கருத்து. அவரே அடிமைகளை வாங்கினார், விற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறையற்ற வீரராகக் காட்டப்பட்டவரைப் பின்னாளில் வேறு நூலில் படிக்கும் பிள்ளை, அவரையன்றி நம்மையே ஐயுறும்.

நூலைப் பற்றிய ஐயங்களும் அவ்வாறே. மலபார்க் கரைக்கப்பால் கொள்ளையரிடம் குறிப்புகளைப் பறிகொடுத்தவர், மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸய் எழுதி 1355இல் முடித்தார். திமிஷ்கு, மக்கா வருணனைகளில் முந்தைய பயணி இப்னு ஜுபைரின் வரிகள் கலந்துள்ளன. வொல்கா கரையின் புல்கார் நகருக்கு அவர் சென்றிருக்க இயலாதென்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பிள்ளைகளுக்கு இரண்டு நிற நூல்களைக் கொடுத்துப் பாருங்கள்: கண்டதற்குப் பச்சை, ஐயத்துக்குரியதற்கு மஞ்சள். சீனத்துக்கு எந்த நிறம் என்பதில் அவர்கள் தமக்குள் வழக்காடட்டும். அறிஞர்களும் இன்னும் அதைத்தான் செய்கின்றனர்.