பல்லைக் கைக்குட்டையில் மடிக்காதீர்கள்!

மேல் முன்பற்கள் இரண்டும் ஏழெட்டு வயதில் முளைக்கின்றன. பள்ளி மைதானத்தில் முதலில் அடிபடுவதும் அவைதான். எத்துப்பல் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முனை மட்டும் உடைந்தால் சமாளித்துவிடலாம். துண்டு கிடைத்தால் அதையே ஒட்டித் தருகிறார்கள். வேரோடு கழன்று விழுகிற பல்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அதுவும் பிழைக்கும், விழுந்த இடத்தில் இருப்பவர் கெடுக்காவிட்டால். வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் பழையபடி பிடிக்கும். ஒரு மணி நேரம் காய்ந்தால் அவை செத்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி வெடிக்கும். நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? ஒருவர் பிள்ளையைக் குழாயடிக்கு இழுத்துப் போவார். இன்னொருவர் பல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கைக்குட்டையில் பத்திரமாக மடித்து, அம்மா வரும்வரை பையில் வைத்திருப்பார். இந்தப் 'பத்திரம்'தான் என் கவலையெல்லாம்.

வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசுங்கள். முன்பக்கம் எது என்று பார்த்து, வந்த குழியிலேயே செருகி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். பழக்கமில்லாதவர் இதைச் செய்யலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. சரி, பல்லைச் சூடில்லாத பாலில் போட்டு, பிள்ளையோடு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். பால் பல்லை மட்டும் திரும்பச் செருகவே கூடாது. அடியில் வளரும் பல்லுக்குக் கேடு.

மருத்துவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் கட்டுவார். வேர்நுனி மூடிய பல்லுக்கு அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே வேர் சிகிச்சையைத் தொடங்குவார்கள். மூடாத இளம்பல்லில் ரத்த ஓட்டம் தானே திரும்பலாம் என்பதால் பொறுத்துப் பார்ப்பார்கள். தாமதமாக வந்த பல்லின் வேரை எலும்பு மெல்ல மெல்லத் தின்றுவிடும். பிள்ளையின் தாடை வளர, அந்தப் பல் மட்டும் மேலேயே நின்று குட்டையாகத் தெரியும். எடுத்துவிட்டு 'இம்பிளான்ட்' வைக்கலாம் என்றால், தாடை வளர்ச்சி முடியும்வரை அதுவும் முடியாது. பதினெட்டு வயதைத் தாண்டியும் காத்திருக்க நேரும்.

பள்ளி முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் இருக்கின்றன. பி.டி. மாஸ்டருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பத்து நிமிடப் பாடம்தான். செலவும் கிடையாது, ஆசிரியர் அறையில் டீக்கு வாங்கிவைக்கும் பாலில் கால் டம்ளர் போதும்.