அழுகலை முந்த வேண்டிய பூஞ்சை

பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டத்தில் மக்காச்சோளம், பருத்திக் காடுகளுக்கு நடுவே சின்ன வெங்காயமும் விளைகிறது. தமிழகத்தில் இந்தப் பயிருக்குப் பேர்போன மாவட்டம் இது. அந்த வெங்காயத்தைக் காலிசெய்யும் நோய்களில் கொடியது அடியழுகல்.

முதலில் தாளின் நுனி மஞ்சளாகும். பிறகு கீழ்நோக்கிக் காயும். பிடித்து இழுத்தால் வேர் அற்றுக் கையோடு வந்துவிடும். காயின் அடியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். இது ஃபியூசேரியம். விதை வெங்காயத்தோடு வயலுக்குள் வரும். வந்தால் தடித்த வித்துகளாக மண்ணிலேயே பல ஆண்டுகள் கிடக்கும். அதனால்தான் தாள் காய்ந்த பிறகு மேலே மருந்து அடித்துப் பெரிய பயன் இல்லை.

இதை மண்ணுக்குள்ளேயே மடக்கக்கூடியது இன்னொரு பூஞ்சை: டிரைக்கோடெர்மா விரிடி. தன் இழைகளால் எதிரிப் பூஞ்சையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரை நொதிகளால் கரைத்து உண்கிறது. இப்படி ஒரு பூஞ்சை இன்னொன்றைத் தின்பதை 1932-இல் ரிச்சர்ட் வைண்ட்லிங் விளக்கினார். துணைக்குச் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவும் உண்டு. வேரைச் சுற்றியுள்ள இரும்புச் சத்தை அது முந்திப் பிடித்துக்கொள்ள, நோய்ப் பூஞ்சை பட்டினி கிடக்கும்.

நடவுக்கு முன் ஒரு கிலோ விதை வெங்காயத்துக்கு இரண்டிலும் 5 கிராம் வீதம் கலக்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை பிடிக்கும். ஆக, ஒவ்வொன்றிலும் 3 கிலோ தேவை. நிலத்தில் இட, ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது தூவலாம்.

பலன் இல்லை என்று கைவிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் குறை பயன்படுத்திய விதத்தில்தான் என்பது என் கருத்து. பொட்டலத்துக்குள் இருப்பது உயிர். சில மாதங்கள்தான் தாங்கும்; கடை வாசல் வெயிலில் கிடந்தால் அதற்கு முன்பே செத்துவிடும். காலாவதித் தேதி பார்க்காமல் வாங்கவே கூடாது. கார்பன்டசிம் கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவைச் சேர்த்தால், அந்த மருந்து முதலில் கொல்வது இதைத்தான்.

வெங்காயம் சேமிக்கும் பட்டறையிலிருந்து விதை எடுக்கும்போதே அடி மெத்தென்று அமுங்கும் காய்களைக் கழித்துவிட வேண்டும். அவற்றை எந்தப் பொடியும் மீட்காது. வயலில் பிடுங்கும் நோய்ப் பயிரையும் வரப்பில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். வரப்பில் கிடந்தால் அடுத்த மழைத் தண்ணீரோடு பூஞ்சை மறுபடி பாத்திக்குள் இறங்கிவிடும்.