மின்பலகைக்குள் ஒரு மின்னல்

பதுளை வீதி வந்து முடியும் செங்கலடிச் சந்தியில் நின்று நோக்கினால் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகத் தென்படும். உச்சியிற் செல்லும் 33,000 வோல்ற்றுக் கம்பிக்கு நாம் அஞ்சுகிறோம். நெல் ஆலைச் சுவரோரம் நிற்கும் 400 வோல்ற்று மின்பலகையையோ பொருட்படுத்துவதில்லை.

அப்பலகையைத் திறந்து வேலை செய்பவரின் கருவி நழுவி இரு செப்புப் பட்டைகளின்மேல் விழுந்தால் மின்வில் எழும். அதன் வெப்பம் 19,000 பாகை செல்சியசு வரை ஏறக்கூடும். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 பாகைதான்! மின்சாரம் உடலிற் பாயாமலே மனிதர் வெந்துபோவர். சதுர சென்ரிமீற்றருக்கு 1.2 கலோரி வெப்பம் பட்டாலே தோல் கொப்புளிக்கும். இவ்வெப்பத்தைக் கணக்கிடும் வழியை அமெரிக்கப் பொறியியலாளர் இரால்ப் லீ 1982 இல் வெளியிட்டார்.

கணக்கின் முதற்படி, குறுஞ்சுற்று நேர்ந்தால் எத்தனை அம்பியர் பாயும் என்பதே. உதாரணமாக, 1,000 கிலோவோல்ற்று அம்பியர் மின்மாற்றி ஒன்றின் தடங்கல் 5 சதவீதம் என்க. அதன் முழுச்சுமை ஓட்டம் 1,443 அம்பியர். வெளியிலிருந்து வரும் வழங்கல் எல்லையற்ற வலிமையுடையது என்று கொண்டால், 1,443 ஐ 0.05 ஆல் வகுக்க 28,900 அம்பியர் வரும்.

ஆனால் வழங்கல் அத்தனை வலியதன்று. துணை மின்நிலையத்திலிருந்து கம்பி நீள நீளத் தடங்கலும் கூடும். அவ்விடத்தில் வழங்கலின் வலிமை 100 மெகாவோல்ற்று அம்பியரே எனின், மேலும் 1 சதவீதம் சேர்ந்து ஓட்டம் 24,000 ஆகக் குறையும். வில்லும் ஒரு தடையாதலால் மின்வில்லிற் பாய்வது அதனினும் குறைவு.

“குறைந்தால் நல்லதுதானே?” என மாணவர் கேட்கலாம். அங்கேதான் சூழ்ச்சி! பேரோட்டம் கண்டால் சுற்றுடைப்பான் உடனே விழுந்துவிடும். சற்றுக் குறைந்த ஓட்டத்திற்கோ அது தயங்கி நிற்கும். ஓட்டம் ஆறிலொரு பங்கு குறைந்து, நேரம் பத்திலொரு விநாடியிலிருந்து ஒரு விநாடியாக நீண்டால், வெப்பம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். சுற்றுடைப்பானின் தாங்குவலிமையைத் தெரிவுசெய்ய எல்லையற்ற வழங்கல் என்ற அனுமானம் போதும். தொழிலாளியின் உடலைக் காக்க அது போதாது.

ஆகவே ஆலைக்காரர் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் அதியுயர், அதிகுறை ஆகிய இரு குறுஞ்சுற்று அளவுகளையும் எழுதிக் கேட்கவேண்டும். இரண்டிற்கும் வெப்பத்தைக் கணித்து, கூடியதையே பலகையின் கதவில் எழுதி ஒட்டவேண்டும். மறுமொழி தாமதித்தால், கம்பியின் நீளத்தையும் பருமனையும் கொண்டு குறைந்த அளவையேனும் மதிப்பிடலாம். அதுவரை, மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துப் பாராமல் எவரும் அக்கதவைத் திறத்தலாகாது.