சொற்பிரிப்பும் தரவுப் பகுப்பும்

'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருவர். 'செம்பொன் பதின்றொடி' எனப் பிரித்தால் பத்துத் தொடி நிறையுள்ள பொன். 'செம்பு ஒன்பதின்றொடி' எனப் பிரித்தால் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு. எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு. ஒலிக்கும் இசையே இவற்றை வேறுபடுத்தும் என்பது தொல்காப்பியர் கருத்து.

கணினிக்கு அவ்விசையைக் கேட்கும் செவி இல்லை. மாணவர் பட்டியலை அதில் சேமிக்கும் எளிய வடிவம் சி.எஸ்.வி. கோப்பு. ஒரு மாணவருக்கு ஒரு வரி. செய்திகளுக்கு இடையே காற்புள்ளி. பெயர், முகவரி, வகுப்பு என மூன்று பத்திகள் உள்ள பட்டியலில் ஒரு வரி இவ்வாறு அமைகிறது எனக் கொள்வோம்:

கவிதா,பாசிர் பெனம்பாங், கோல சிலாங்கூர்,ஐந்தாம் ஆண்டு

காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினால் நான்கு துண்டுகள் கிடைக்கும். வகுப்புக்குரிய பத்தியில் கோல சிலாங்கூர் அமர்ந்துவிடும். அம்மாணவிக்கு உரிய கடிதம் ஊர்ப்பெயர் குறைந்த முகவரிக்குச் செல்லும். தோட்டம், ஊர், மாவட்டம் என அடுக்கி எழுதும் நம் முகவரிகளில் இப்பிழை எளிதில் நேரும்.

இசை செய்யும் பணியை இங்கு ஒரு குறி செய்கிறது. காற்புள்ளி உள்ள பகுதியை இரட்டை மேற்கோட்குறிக்குள் அடைக்க வேண்டும் என்கிறது, 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம்:

கவிதா,"பாசிர் பெனம்பாங், கோல சிலாங்கூர்",ஐந்தாம் ஆண்டு

இவ்விதிப்படி பகுக்கும் நிரலை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதிவைத்து, நாம் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்களின் தொகுப்பே நிரலகம். பைத்தான் மொழி 2003 முதல் சி.எஸ்.வி. நிரலகத்தைத் தன்னுடனேயே வழங்குகிறது. அது திறமூலமானது, அதன் விதிகளை எவரும் படிக்கலாம், திருத்தமும் முன்மொழியலாம்.

இவ்வுரிமை தமிழுக்கு இன்றியமையாதது. 'தமிழ்' என்பதில் நாம் காணும் எழுத்துகள் 3. யுனிகோடு முறையிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். பொதுவான நிரல் ஐந்து என்றே எண்ணும். 'ஓப்பன் தமிழ்' என்னும் திறமூல நிரலகம் அதனை மூன்று எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. எழுத்திலக்கணம் அறிந்தவர்கள் அவ்விதியை எழுதிச் சேர்த்ததன் பயன் அது.

ஆசிரியர்கள் மேற்காட்டிய தொடரையும் முகவரி வரியையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, மாணவர்களையே பிரிக்கச் சொல்லலாம். புணர்ச்சி கற்ற மாணவர், கணினிக்கு எவ்விதி தேவை என்பதைத் தாமே சொல்லுவர்.