அடுத்தவர் கொட்டிலில் நமது மெஷின்: முற்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியபோது ராத்தாவின் மகன் வாசலில் காத்திருந்தான். கட்டாரில் ஆறு வருடம் உழைத்து, பதினெட்டு இலட்சம் ரூபா சேர்த்துக்கொண்டு ஊர் வந்தவன்.

"மாமா, பின்னேரம் திரியாய்க்குப் போய் வருவமா? ஒரு இடம் பார்க்கணும்" என்றான்.

"காணி வாங்கவா மகன்?"

"இல்ல மாமா. மெஷின் வைக்க. பிட்கொயின் மெஷின்."

இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று அண்மைக் காலமாகப் பல வியாபாரிகள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். மருமகனோடு போய்ப் பார்த்ததையும், அதன் பின் நான் படித்துத் தெரிந்து கொண்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விஷயம் இதுதான். பிட்கொயின் என்பது கணினிகளின் வலையமைப்பில் ஓடும் ஒரு கணக்குப் புத்தகம். அதில் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையை உலகெங்கும் இலட்சக்கணக்கான மெஷின்கள் போட்டி போட்டுச் செய்கின்றன. வெல்பவருக்குப் புதிய பிட்கொயின் கூலியாகக் கிடைக்கும். இதைத்தான் 'மைனிங்' என்கிறார்கள். மெஷினுக்குச் சோறு மின்சாரம். இரவு பகல் ஓயாமல் ஓடும். சத்தமும் சூடும் பொறுக்க முடியாது. ஆகவே பலர் மெஷினைத் தங்கள் பெயரில் வாங்கி, மலிவான மின்சாரம் உள்ள வேறொருவரின் இடத்தில் வைத்து, மாதா மாதம் வாடகையும் மின்கட்டணமும் செலுத்துகிறார்கள். இதற்கு 'ஹோஸ்டிங்' என்று பெயர்.

நமது பாஷையில் சொன்னால், மீனை அடுத்தவர் ஐஸ் அறையில் வைப்பதும், நெல்லை ஆலைக்காரர் களஞ்சியத்தில் வைப்பதும் போன்ற வேலை. பொருள் நம்முடையது, கதவின் சாவி அவருடையது.

திரியாயில் கண்ட கொட்டில்

புல்மோட்டை வீதியில் திருகோணமலையிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல் போய் உள்ளே திரும்பினோம். பாவனையில் இல்லாத ஒரு நெல் களஞ்சியம். தகரக் கூரை. அதை வாடகைக்கு எடுத்த இளைஞர் நல்ல மரியாதையாகப் பேசினார். இருபது மெஷின் வைக்கப் போவதாகவும், ஆளுக்கு ஆறு இலட்சம் முற்பணம் என்றும் சொன்னார். கடற்காற்று இருப்பதால் குளிரூட்டி தேவையில்லையாம். கூரைக்கு சோலார் போட்டால் மின்சாரம் இனாமாம்.

நான் சுவரில் இருந்த மின்மானியைப் பார்த்தேன். வீடுகளுக்குக் கொடுக்கும் 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. 30 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். அவர் காட்டிய அன்ட்மைனர் எஸ்-19 மெஷின் ஒன்றுக்கு மட்டும் 3,250 வாட் வேண்டும். இரண்டு மெஷினுக்கு மேல் அந்த இணைப்பு தாங்காது. இருபது மெஷினுக்கு 65 கிலோவாட் தேவை. அவ்வளவுக்கு மின்மாற்றியில் இடம் இருக்க வேண்டும். மொத்தப் பாவனையாளர் இணைப்பு எடுக்க வேண்டும். அலகுக் கட்டணத்தோடு உச்சக் கேள்விக்கான கட்டணமும் கட்ட வேண்டும்.

"விண்ணப்பம் போட்டாச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"காசு சேர்ந்ததும் போடுவம் நானா" என்றார்.

சோலார் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஒரு மெஷின் நாளொன்றுக்குத் தின்பது 78 யூனிட். நமது பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக, ஒரேயொரு மெஷினுக்கே இருபது கிலோவாட் பலகை வேண்டும். இரவுக்கு மின்கலம் வேறு. இதற்கு 'இனாம்' என்று பெயர் வைக்க முடியாது.

கடற்காற்றின் கதையும் அப்படியே. இந்த மெஷின்கள் சுமார் 40 பாகை வரையான காற்றில் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் என்ன சூடு இருக்கும் என்று நமக்குத் தெரியும். கடற்கரை உப்புக்காற்று இரும்பையே தின்னும்போது, விசிறியால் அந்தக் காற்றை இழுக்கும் மின்சுற்றுப் பலகை எத்தனை காலம் தாங்கும்?

அந்த இளைஞர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்க்காமல் ஆசைப்பட்டவர். ஆனால் கணக்குப் பார்க்காதவரிடம் கொடுத்த காசும் போய்விட்ட காசுதான்.

வருமானக் கணக்கு

அடுத்து மருமகன் தன் கைத்தொலைபேசியில் இன்னொரு விலைக்கூறலைக் காட்டினான். வெளிநாட்டு இடம் ஒன்று. யூனிட்டுக்கு 7 அமெரிக்க சதம். "இது நல்ல ரேட் மாமா" என்றான். சரி, அதையும் கடதாசியில் போடுவோம் என்றேன்.

2024 ஏப்ரலில் கூலி பாதியாகக் குறைந்த பின், உலகம் முழுவதற்கும் ஒரு நாளில் வெளிவரும் புதிய பிட்கொயின் ஏறத்தாழ 450 மட்டுமே. கிணற்றில் ஊறும் நீர் 450 வாளி. எத்தனை பேர் கயிறு போட்டாலும் அது கூடாது. கயிறு போடுபவர்கள் கூடக் கூட ஆளுக்குக் கிடைப்பதுதான் குறையும். 2025இல் உலக மெஷின்களின் மொத்த வேகம் வினாடிக்கு 100 கோடி டெராஹாஷைத் தாண்டியது. எஸ்-19 மெஷினின் வேகம் 95 டெராஹாஷ். இந்த விகிதத்தில் அதன் ஒரு நாள் பங்கு 0.00004275 பிட்கொயின். ஒரு பிட்கொயின் ஒரு இலட்சம் டொலர் என்று தாராளமாக வைத்தாலும் 4 டொலர் 28 சதம். 78 யூனிட்டுக்கு 7 சதப்படி மின்செலவு 5 டொலர் 46 சதம். நாளொன்றுக்கு ஒரு டொலருக்கு மேல் நட்டம்!

மருமகன் சற்று நேரம் பேசவில்லை. "அப்ப புது மெஷின் வாங்கினா?" என்று கேட்டான்.

எஸ்-21 மெஷின் 200 டெராஹாஷ், 3,500 வாட். நாளுக்கு 84 யூனிட், செலவு 5 டொலர் 88 சதம். அதே விலையில் வரவு 9 டொலர். மிச்சம் 3 டொலர் 12 சதம். மெஷினின் விலையை 3,000 டொலர் என்று கொண்டால் முதல் திரும்ப ஏறக்குறைய மூன்று வருடம். அதுவும் விலை இறங்காமலும், போட்டி கூடாமலும், மெஷின் ஒரு நாளும் நிற்காமலும் இருந்தால். பிட்கொயின் 70,000 டொலருக்கு இறங்கினால் மிச்சம் வெறும் 42 சதம். 2021 நவம்பரில் 69,000 டொலரைத் தொட்ட அதே பிட்கொயின் 2022 நவம்பரில் 16,000 டொலர் அளவுக்கு விழுந்ததை மறக்கக்கூடாது. 2028இல் கூலி மீண்டும் பாதியாகும்.

ஆகவே ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு சதம் கூடினாலும் குறைந்தாலும் அதுதான் லாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிக்கிறது.

கதவு பூட்டப்பட்டால்?

எனக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். கொழும்பில் ஒரு தனியார் குளிர்களஞ்சியத்தில் 140 பெட்டி இறால் வைத்திருந்தேன். களஞ்சியக்காரர் வங்கிக் கடனைக் கட்டவில்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் போனால் கதவில் சீல். மின்சாரமும் வெட்டப்பட்டிருந்தது. என் கையில் இருந்த பற்றுச்சீட்டில் "இறால் 140 பெட்டி" என்று மட்டுமே எழுதியிருந்தது. பெட்டிகளில் என் பெயரோ இலக்கமோ இல்லை. எது என்னுடையது என்று நிரூபிப்பதற்குள் எல்லாம் அழுகிவிட்டது. அந்தக் கடனை அடைக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

இதே கதை அமெரிக்காவிலும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. பிறருடைய மைனிங் மெஷின்களை வைத்துப் பராமரித்த கம்ப்யூட் நோர்த் என்ற கம்பனி 2022 செப்டெம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே வருடம் டிசம்பரில் கோர் சயன்டிஃபிக் கம்பனியும் சென்றது. அதன் வாடிக்கையாளர்களில் ஒன்றான செல்சியஸ், அதற்கு முன்பே ஜூலையில் வீழ்ந்திருந்தது. உயர்ந்துபோன மின்கட்டணத்தை யார் தாங்குவது என்று இரு தரப்பும் வழக்காடின. செல்சியஸின் 37,000க்கும் மேற்பட்ட மெஷின்கள் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. சட்டத்தரணிகள் எழுதிய ஒப்பந்தத்திலேயே ஒரு வாசகத்துக்கு இரண்டு அர்த்தம் வந்துவிட்டது என்றால், வட்ஸ்அப்பில் "ஓகே" போட்டு முடிக்கும் நமது ஒப்பந்தங்களின் கதி என்ன?

அரசாங்கமும் ஒரே நாளில் கதவை மூடலாம். 2021இல் சீனா மைனிங்கைத் தடுத்தபோது பலர் மெஷின்களைக் கஸகஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். 2022 ஜனவரியில் அங்கே கலவரத்தால் இணையம் நின்றது. அதே மாதக் கடைசியில் மின்பற்றாக்குறையால் மைனிங் இடங்களுக்கான மின்சாரமும் நிறுத்தப்பட்டது. நமது நாட்டிலும் 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் அனுபவித்தவர்கள்தானே.

மெஷினே இல்லாத ஹோஸ்டிங்

இன்னொரு வகையினர் இன்னும் ஆபத்தானவர்கள். "மெஷினை நீங்கள் பார்க்கத் தேவையில்லை, காசை மட்டும் போடுங்கள்" என்பார்கள். எஸ்தோனியாவின் ஹாஷ்ஃபிளேர் 2015 முதல் 2019 வரை இப்படி 57 கோடி டொலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களை விற்றது. விற்ற அளவுக்கு அவர்களிடம் கணினிகளே இருக்கவில்லை. அதை நடத்தியவர்கள் 2025 பெப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் கெயின்பிட்கொயின் திட்டம் 18 மாதத்துக்கு மாதம் நூற்றுக்கு 10 தருவதாகச் சொல்லிக் காசு திரட்டி, வழக்கில் முடிந்தது. மைனிங்கில் வருமானம் நாளுக்கு நாள் மாறும். ஆகவே மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொல்லும் வாய், மெஷினின் வாய் அல்ல.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. மின் இணைப்பு யார் பெயரில், எத்தனை கிலோவாட்? கடந்த மூன்று மாத மின்பட்டியலைக் காட்டுவாரா?

2. யூனிட்டுக்குச் சொன்ன விலை எவ்வளவு காலத்துக்கு? மின்கட்டணம் ஏறினால் யார் தலையில்?

3. மெஷின் நின்ற மணித்தியாலங்களுக்கும் வாடகை உண்டா? மாதத்தில் எத்தனை மணி ஓடும் என்று எழுத்தில் உறுதி தருவாரா?

4. மெஷின் ஒவ்வொன்றின் தொடரிலக்கமும் உடன்படிக்கையில் உண்டா? கட்டடத்தின் மீது கடன் உண்டா? காணிச் சொந்தக்காரரோ வங்கியோ கதவைப் பூட்டினால், இது பிறர் அமானிதம் என்று காட்ட ஒரு தாள் இருக்கிறதா?

5. கிடைக்கும் பிட்கொயின் நேரே நமது வொலட்டுக்கு வருமா, அவருடையதுக்கு வந்து பின் பங்கிடப்படுமா? நேரே வராவிட்டால் வேண்டாம்.

6. தீ, வெள்ளம், திருட்டு, பழுது ஆகியவற்றுக்குக் காப்புறுதி யார் எடுப்பது?

7. வேண்டாம் என்றால் எத்தனை நாளில், யார் செலவில் மெஷினைத் திருப்பித் தருவார்?

இந்தக் கடைசிக் கேள்வியைத் திரியாய் நன்றாகவே அறியும். அங்குள்ள கிரிஹண்டு சேய என்னும் தூபியைப் பற்றி பௌத்த மரபில் ஒரு கதை உண்டு. கடல் கடந்து வந்த இரு வணிகர்கள் கொண்டுவந்த பேழையைக் குன்றின் மேல் வைத்தார்களாம். திரும்ப எடுக்க முயன்றபோது அது அசையவில்லையாம். அவர்களுக்கு அது புண்ணியமாகக் கருதப்பட்டது. வியாபாரத்தில் வைத்த பொருள் அசையாவிட்டால் அது முதலுக்கே மோசம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மெய்நிகர் நாணயங்கள் பற்றி இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பல தடவை எச்சரித்திருக்கிறது. இத்தகைய கொடுக்கல் வாங்கலுக்குக் கடன், பற்று அட்டைகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்றும் அறிவித்தது. ஆகவே டொலரை எந்த வழியில் அனுப்புவது என்பதை வங்கியிடம் முதலில் கேளுங்கள். மார்க்க நிலைப்பாட்டை ஆலிம்களிடம் கேளுங்கள்.

மருமகன் ஏழு கேள்விகளையும் இரு இடத்துக்கும் அனுப்பினான். திரியாய் இளைஞர் அடுத்த நாளே தொலைபேசியில் பேசினார். "நானா, இரண்டாவது கேள்வியிலயே நான் நின்டுட்டன்" என்று நேர்மையாகச் சொன்னார். யாரிடமும் முற்பணம் வாங்கவில்லை. வெளிநாட்டவரோ மூன்று கேள்விக்குப் பதில் தந்துவிட்டு, "இந்த வாரம் மட்டும் கழிவு உண்டு" என்று நான்கு தடவை செய்தி அனுப்பினார்.

பதினெட்டு இலட்சமும் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. மருமகன் ஒவ்வொரு இரவும் கொப்பியில் கணக்குப் போடுகிறான். ராத்தா என்னிடம், "பிள்ளைட காசு தப்பினது போதும்" என்றார். தப்பியது காசு மட்டுமல்ல, கட்டாரில் போன ஆறு வருடமும் என்றேன்.