கூரையும் திருகாணியும்

வெள்ளவத்தையில் கரையோர வீடுகளையும் கடலையும் பிரிப்பவை ஒரு வீதியும் புகையிரதப் பாதையுமே. கொட்டாஞ்சேனையோ துறைமுகத்தை அடுத்துள்ளது. இவ்விரு பகுதிகளிலும் உப்புக்காற்று ஓய்வதில்லை. ஆதலால், இங்கு உலோகத் தகட்டால் கூரை வேய்வோர் தகட்டின் தரத்தை மட்டுமன்றி, அதனைப் பிணிக்கும் திருகாணியின் தரத்தையும் ஆராய்தல் வேண்டும்.

தானே துளையிடும் திருகாணியின் நுனி, துளைகருவியின் அலகை ஒத்தது. தகட்டையும் அதன் கீழுள்ள இரும்புச் சட்டத்தையும் அந்நுனி முற்றாகத் துளைத்த பின்னரே ஆணியின் புரி பற்றத் தொடங்க வேண்டும். நுனி குறுகியதாயின், துளை முடியுமுன்னரே புரி பற்றிக்கொள்ளும். அப்போது புரி சிதையும், அன்றேல் ஆணி முறியும். நுனியின் இலக்கம் இதற்கு வழிகாட்டும். மூன்றாம் இலக்க நுனி ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் கனத்தையும், ஐந்தாம் இலக்க நுனி ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் கனத்தையும் துளைக்கவல்லது.

அடுத்தது துரு. மெல்லிய நாகப் பூச்சு வீட்டின் உள்வேலைக்குப் போதும். கடலோரக் கூரைக்குப் போதாது. துருப்பிடிக்காத உருக்கே எங்கும் சிறந்ததெனச் சிலர் கருதுவர். ஆயின், அலுமினியமும் நாகமும் கலந்து பூசிய தகட்டில் அதனைப் பொருத்தினால், உப்பீரம் படுகையில் ஆணி பிழைக்கும்; அதனைச் சூழ்ந்த தகடு அரிக்கப்படும். தகட்டைச் செய்தோர் கடலோரத்துக்கெனக் குறித்துள்ள ஆணியை வாங்குவதே நன்று.

முடுக்கும்போது றப்பர் வளையம் சற்றே அமுங்கினால் போதும். பிதுங்குமளவு இறுக்கினால் வளையம் பழுதாகி, நீர் கசியும். துளைக்கையில் உதிரும் இரும்புச் சீவல்களை அன்றே கூட்டி அகற்றல் வேண்டும். விட்டால் அவை துருப்பிடித்துத் தகட்டையும் கெடுக்கும்.

ஆணியில் மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு, பருவக்காற்று வீசும் ஓரிரவில் கூரையையே விலையாகக் கொடுக்க நேரலாம்.